பதவியும் கணக்கும்: ஷெரீஃப் என்ற சொல்லின் ஆயிரம் ஆண்டுகள்

(வரலாற்று ஆர்வலர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் சென்னையில் பெரிய விழா என்றால், அழைப்பிதழில் ‘சென்னை மாநகர ஷெரீஃப்’ என்ற பட்டத்தோடு ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அவர் மேயர் இல்லை, கலெக்டர் இல்லை, போலீஸ் கமிஷனரும் இல்லை. அப்படியானால் யார்? சிறுவனாக இருந்தபோது இந்தக் கேள்வியை என் தந்தையிடம் கேட்டேன். “அது வெள்ளைக்காரன் காலத்துப் பதவிப்பா” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத் தேடிப் போனதில் எனக்கு ஒரு வாழ்நாளின் படிப்பே அமைந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றார்களே, அப்போதே இந்தச் சொல்லுக்கு அறுநூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் ஷரீஃப் என்ற பெயர் பலருக்கு உண்டு. அது அரபுச் சொல். மேன்மை பொருந்தியவர் என்று பொருள். நாம் இன்று பேசப்போகும் ஷெரீஃபுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒன்றுபோல இருப்பது தற்செயல்.

ஆங்கிலச் சொல் இரண்டு துண்டுகளால் ஆனது. யார்க்ஷயர், ஹாம்ப்ஷயர் என்ற ஊர்ப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த ‘ஷயர்’தான் முதல் துண்டு. இன்று அதற்கு மாவட்டம் என்று பொருள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் பொறுப்பு, ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை என்பதாகும். ஒருவருடைய பொறுப்பில் விடப்பட்ட நிலப்பரப்பு என்று பிறகு விரிந்தது. இரண்டாம் துண்டு ‘ரீவ்’. பிறருடைய சொத்தை அவர் சார்பில் பார்த்துக்கொள்பவர் ரீவ். கிராமத்தில் பண்ணைக்கு ஒரு ரீவ் இருந்தார், துறைமுக நகரத்துக்கு ஒரு ரீவ் இருந்தார். நம் மணியக்காரர் என்ற சொல் அதற்கு நெருங்கி வரும். ஷயர் முழுவதற்கும் அரசருடைய மணியக்காரராக இருந்தவர் ஷயர்-ரீவ். வாயில் உருண்டு உருண்டு அது ஷெரீஃப் ஆயிற்று.

ஆக, சொல்லின் இரு பாதியிலும் ஒரே கருத்து ஒளிந்திருக்கிறது. இது உன்னுடையது இல்லை, உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அச்சாணி.

அரை ஹைட் நிலம்

ஒரு சிறிய கதையிலிருந்து தொடங்குகிறேன். கதை என்றாலும் நடந்தது, ஏட்டில் இருப்பது. பக்கிங்ஹாம்ஷயரில் ஓக்லி என்று ஓர் ஊர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் அந்தப் பகுதியில் காட்ரிக் என்பவர் ஷெரீஃப். அவருக்கு ஒரு மகள். மகளுக்குப் பொன்னிழைப் பூவேலை கற்றுத்தர வேண்டும் என்று தகப்பனுக்கு ஆசை. அந்தக் காலத்து ஆங்கிலப் பெண்களின் தங்க ஜரிகைப் பூவேலை ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. ஆல்ஃப்கித் என்ற இளம்பெண் அந்த வேலையில் தேர்ந்தவள். காட்ரிக் அவளுக்கு அரை ஹைட் நிலம் கொடுத்தார். ஒரு ஹைட் என்பது ஏறத்தாழ 120 ஏக்கர் என்று கணக்கு. அரை ஹைட் என்றால் 60 ஏக்கர். தாம் ஷெரீஃபாக இருக்கும் வரை அவள் அதை அனுபவிக்கலாம், பதிலுக்கு மகளுக்குப் பூவேலை கற்றுத்தர வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

நிலம் யாருடையது தெரியுமா? அரசருடையது.

ஒரு தகப்பனின் ஆசை நமக்குப் புரிகிறது. ஆனால் கற்றுக்கொடுத்த கூலி அரசரின் பண்ணை வருமானத்திலிருந்து போனது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1086இல், நார்மன் அரசர் வில்லியம் நாடு முழுவதும் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கேட்டு எழுதவைத்தார். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். காட்ரிக் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் வகித்த பதவியும் நார்மானியர் கைக்குப் போய்விட்டது. ஆயினும் அந்த அரை ஹைட்டின் கதையை அரசரின் எழுத்தர் விடாமல் பதிந்து வைத்தார். ஷெரீஃபின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு பதிவுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். ஒரு கை எடுக்கிறது. இன்னொரு கை எழுதி வைக்கிறது.

ஏன் ஒரு ஷெரீஃப் தேவைப்பட்டார்?

ஆங்கிலோ சாக்ஸன் காலத்தில் ஒவ்வொரு ஷயருக்கும் ‘ஆல்டர்மன்’ என்ற பெருந்தலைவர் இருந்தார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்து ஆண்ட கனூட் அரசர் காலத்தில், ‘ஏர்ல்’ என்ற பட்டத்தோடு ஒருவரே பல ஷயர்களை ஆளும் நிலை வந்தது. அத்தனை ஷயரிலும் அவரால் உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொன்றிலும் தங்கியிருந்து வேலை பார்க்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தில்தான் ஷெரீஃப் உயர்ந்தார். ஏர்ல் பரம்பரைப் பிரபு. ஷெரீஃபோ அரசர் நியமித்த ஆள். அரசரின் முத்திரையிட்ட கட்டளை ஷயருக்கு வந்தால் ஷெரீஃப்தான் அதை மக்கள் கூடிய மன்றத்தில் படித்து நிறைவேற்ற வேண்டும்.

நார்மானியர் வந்த பிறகு இந்தப் பதவியின் பலம் பல மடங்கு பெருகியது. கோட்டை அவர் கையில், படை அவர் கையில், ஷயர் மன்றம் அவர் தலைமையில், சிறை அவர் பொறுப்பில், வரியும் அவர் மூலம். சில ஷயர்களில் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகத் தொடங்கியது. உஸ்டர்ஷயரின் ஷெரீஃபாக இருந்த உர்ஸ் என்ற நார்மானியர் அங்குள்ள மடாலயத்தின் கல்லறைத் தோட்டத்து எல்லையையே விழுங்கும்படி கோட்டை கட்டினார். பேராயர் ஆல்ட்ரெட் அவரை நேருக்கு நேர் சபித்ததாக அக்கால வரலாற்று நூல் ஒன்று பதிந்திருக்கிறது. சாபத்துக்குக் கோட்டை அசையவில்லை. இத்தகைய மனிதர்களை அசைக்க வேறு ஒன்று வேண்டியிருந்தது.

கட்டம்போட்ட துணி

அந்த ‘வேறு ஒன்று’ ஒரு மேசை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி அரசர் காலத்தில், இந்த மேசை முழு வடிவம் பெற்றது. நீளம் பத்தடி, அகலம் ஐந்தடி, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கறுப்புத் துணி. துணியில் சதுரங்கப் பலகைபோலக் கோடுகள். லத்தீனில் சதுரங்கப் பலகையைக் குறித்த சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். இன்று பிரிட்டனின் நிதியமைச்சரை ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்களே, அந்த எக்ஸ்செக்கர் இந்தத் துணிதான். ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற அரசப் பொருளாளர் 1170களின் இறுதியில் எழுதிய உரையாடல் நூல் ஒன்று இந்த மேசையின் நடைமுறையை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறது.

ஒவ்வொரு ஷயரிலிருந்தும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி வைத்திருப்பார்கள். நம் ஊரில் குத்தகை என்போமே, அதே முறை. அந்தத் தொகையை ஷெரீஃப் அரசருக்குக் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் வசூலானால் அவருக்கு லாபம். குறைந்தால் கைப்பணத்திலிருந்து போட வேண்டும். குடியானவரின் முதுகு வளைந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். எவ்வளவு பிழிகிறாரோ அவ்வளவு மிச்சம்.

ஈஸ்டர் சமயத்தில் ஷெரீஃப் பாதிப் பணத்தோடு வருவார். செப்டம்பர் 29ஆம் நாள், மைக்கேல்மஸ் திருநாள் வந்தால் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். கோட்டைக்குள் சிங்கமாக உலவியவர் அன்று இந்த மேசையின் முனையில் உட்கார்ந்திருப்பார். எதிரே நாட்டின் பெரிய அதிகாரிகள். துணியில் பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுனுக்கு ஒன்று, இருபது பவுனுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. கட்ட வேண்டியதை மேல்வரிசையில் காசுகளாக அடுக்குவார்கள். கட்டியதைக் கீழ்வரிசையில் அடுக்குவார்கள். பிறகு ஒன்றுக்கொன்று கழிப்பார்கள். ரோமன் எண்களில் கூட்டிக் கழிப்பது பெரும் பாடு. பூஜ்ஜியத்தின் பயன் அவர்களிடம் இன்னும் பரவவில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டங்கள் தீர்த்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபாக இருந்தாலும் தன் கடன் கண்முன்னே குறைவதையோ குறையாமல் நிற்பதையோ அவரால் பார்க்க முடிந்தது. அவையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பணம் கட்டியதற்கு ரசீது? மரக்குச்சி. ஹேசல் மரக்கிளையை எடுத்து அதில் வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம். நூறுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுனுக்கு முற்றிய பார்லி மணி கொள்ளும் அளவு. பிறகு குச்சியை நெடுக்குவாக்கில் பிளப்பார்கள். ஒரு பாதி ஷெரீஃபிடம், மறு பாதி கருவூலத்தில். அடுத்த முறை இரண்டையும் பொருத்திப் பார்த்தால் வெட்டுகளும் மரத்தின் ரேகைகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒருவர் மட்டும் ஒரு வெட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

எல்லாம் முடிந்ததும் முடிவை ஆட்டுத்தோலில் எழுதிச் சுருட்டி வைத்தார்கள். ‘பைப் ரோல்’ என்று பெயர். மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டினுடையது. 1150களின் நடுவிலிருந்து 1832 வரை ஏறத்தாழத் தொடர்ச்சியாக இருக்கின்றன. ஏழு நூற்றாண்டுக் கணக்கு! ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்களால் சொல்லலாம், பட்டாபிஷேகங்களால் சொல்லலாம். எனக்கு இந்தத் தோல் சுருள்களே பெரியவை. அதிகாரத்தில் இருப்பவன் ஆண்டுக்கு இருமுறை வந்து பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கே பழக்கமாகி இறுகியது.

ஊர் ஊராகக் கேட்ட கேள்வி

ஆனால் அந்த மேசையில் ஒரு குறை இருந்தது. அரசருக்கு வர வேண்டியது வந்ததா என்று மட்டுமே அது கேட்டது. குடிகளிடமிருந்து எவ்வளவு எடுத்தாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி 1170இல் வந்தது.

இரண்டாம் ஹென்றி அரசர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிரான்ஸில் இருந்துவிட்டு அந்த ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்து திரும்பினார். வந்ததும் வராததுமாக ஷெரீஃப்கள்மீது புகார்கள். உடனே நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து விசாரணை அதிகாரிகளை அனுப்பினார். அவர்கள் ஷெரீஃபிடம் போகவில்லை, ஊராரிடம் போனார்கள். அரசர் கடல் கடந்து போன நாளிலிருந்து உங்கள் ஊரில் ஷெரீஃபும் அவருடைய ஆட்களும் என்னென்ன எடுத்தார்கள்? நீதிமன்றத் தீர்ப்பின்படி எடுத்தது எவ்வளவு, தீர்ப்பே இல்லாமல் எடுத்தது எவ்வளவு? ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். பிரபுக்களின் காரியஸ்தர்களைப் பற்றியும் கேட்டார்கள். முடிவில் பெரும்பாலான ஷெரீஃப்கள் பதவி இழந்தார்கள்.

குடிகள்மேல் அரசருக்குத் திடீரென்று அன்பு பிறந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. தமக்கு வர வேண்டியதைத்தான் இவர்கள் விழுங்குகிறார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். ஏர் பிடிக்கும் ஒரு மனிதன். அவனை ஒரு பிரபுவின் முன் நிறுத்தி, “கோட்டையில் இருக்கிறாரே, அவர் உன்னிடம் என்ன எடுத்தார்?” என்று அரசாங்கமே கேட்கிறது. அவன் சொல்வதை எழுத்தர் எழுதுகிறார். அந்தப் பதில்களில் சில துண்டுகளே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஹென்றியின் மகன் ரிச்சர்ட், சிலுவைப் போருக்குப் பணம் திரட்ட 1189இல் ஷெரீஃப் பதவிகளை விலைக்கே விற்றார். ஏறிய படியிலிருந்து மறுபடி சறுக்கல். ஆனால் 1194இல் ‘கரோனர்’ என்ற புதுப் பதவி பிறந்தது. ஒவ்வொரு ஷயரிலும் மூன்று நைட்டுகளும் ஓர் எழுத்தரும் அரசருடைய வழக்குகளைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். ஒரே ஆள் வைத்திருந்த கணக்குக்கு எதிராக இன்னொரு கணக்கு. எந்த ஷெரீஃபும் தன் ஷயரிலேயே அரசரின் நீதிபதியாக உட்காரக் கூடாது என்றும் அப்போது விதித்தார்கள்.

1215இல், ஜான் அரசர் காலத்தில் வந்தது மாக்னா கார்ட்டா. அதைப் பெரிய தத்துவ சாசனமாகவே பேசிப் பழகிவிட்டோம். அதன் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தால் ஷெரீஃபின் நிழல் பல இடங்களில் விழுவதைக் காணலாம். ஷெரீஃப் அரசருடைய வழக்குகளை விசாரிக்கக் கூடாது. ஒருவருடைய தானியத்தை எடுத்தால் உடனே காசு கொடுக்க வேண்டும். சுதந்திரக் குடியானவரின் குதிரையையும் வண்டியையும் அவர் சம்மதமில்லாமல் பிடிக்கக் கூடாது. நாட்டின் சட்டம் தெரிந்தவரையே, அதைக் கடைப்பிடிக்க எண்ணம் உள்ளவரையே ஷெரீஃபாக நியமிக்க வேண்டும். குதிரையும் வண்டியும் போனால் அறுவடை வீடு வந்து சேராது. அந்த வயிற்றெரிச்சல்தான் சட்டவரியாக மாறியது.

அந்தச் சாசனத்தின் ஐம்பதாவது பிரிவு சில பெயர்களைக் குறிப்பிட்டு, இவர்களைப் பதவியிலிருந்து நீக்குவோம் என்று அரசரையே சொல்லவைக்கிறது. அவற்றில் ஒரு பெயர் பிலிப் மார்க். அவர் நாட்டிங்ஹாம்ஷயர், டர்பிஷயர் இரண்டுக்கும் ஷெரீஃப்.

நாட்டிங்ஹாம் ஷெரீஃப் என்றதும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆம், ராபின்ஹுட் கதையில் பகையாளியாக வருபவரின் அதே பதவிதான். கதைக்குப் பின்னால் இருந்தவர் இவரா என்று கேட்பார்கள். பழைய ராபின்ஹுட் கதைப்பாடல்கள் ஷெரீஃபின் பெயரைச் சொல்வதே இல்லை. அரசர் பெயரைச் சொல்லும் பழைய பாடலில் ரிச்சர்டோ ஜானோ இல்லை, எட்வர்ட் என்று வருகிறது. ஆகவே இந்தப் பகையாளி தனி ஒருவரின் உருவம் என்று சொல்ல முடியாது. ஒரு பதவியின்மேல் தலைமுறை தலைமுறையாக மக்களுக்கு இருந்த கோபத்துக்கு வாய்மொழி கொடுத்த முகம் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாசனத்தில் பெயர் வந்த பிறகும் பிலிப் மார்க் 1224 வரை பதவியில் இருந்தார். ஏட்டில் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி.

இந்த நேரத்தில் ஒரு பெண்மணியையும் நினைக்க வேண்டும். நிக்கோலா டி லா ஹே, லிங்கன் கோட்டையின் காவலர். முதுமையில் இருந்த அவரை ஜான் அரசர் 1216இல், தாம் இறப்பதற்குச் சற்று முன், லிங்கன்ஷயரின் ஷெரீஃபாக நியமித்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு இளவரசரின் படை நகரத்தைப் பிடித்துக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உதவிப் படை வரும்வரை அவர் கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஆன் கிளிஃபோர்ட் என்ற சீமாட்டி வெஸ்ட்மோர்லண்டின் பரம்பரை ஷெரீஃபாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆண்கள் பெயராலேயே பேசப்படும் பதவியில் இந்த இரண்டு பெயர்கள் என் மனத்தில் தனியாக நிற்கின்றன.

தேய்ந்த அதிகாரம்

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்கிறேன். ஷெரீஃபின் கையிலிருந்த ஒவ்வொன்றும் வேறொருவர் கைக்கு மாறியது. பதினான்காம் நூற்றாண்டில், ஓராண்டுக்கு மேல் ஒருவர் ஷெரீஃபாக இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1361இல் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ என்ற உள்ளூர் நீதிபதிகளின் முறை உறுதிப்பட்டது. சிறு வழக்குகள் அவர்களிடம் போயின. பதினாறாம் நூற்றாண்டில் படை திரட்டும் பொறுப்பு ‘லார்ட் லெஃப்டினன்ட்’ என்பவரிடம் போனது. ஆனால் ஒரு முக்கியமான வேலை ஷெரீஃபிடமே நின்றது. பாராளுமன்றத்துக்கு ஷயரின் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லும் கட்டளை 1254 முதலே அவர் பெயருக்குத்தான் வந்தது. மக்களைப் பிழிந்த அதே பதவி, மக்களின் பிரதிநிதிகளை அனுப்பும் வாசலாகவும் ஆயிற்று.

அந்த வாசலை அடைக்கவும் முயன்றார்கள். முதலாம் சார்லஸ் அரசருக்குத் தலைவலியாக இருந்தவர் எட்வர்ட் கோக் என்ற சட்ட மேதை. ஷெரீஃபாக இருப்பவர் தம் ஷயரை விட்டு நகரக் கூடாது, பாராளுமன்றத்திலும் உட்காரக் கூடாது என்பது அக்கால விதி. 1625இல் அரசர் கோக்கைப் பக்கிங்ஹாம்ஷயருக்கு ஷெரீஃபாக்கினார். எழுபதைத் தாண்டிய அந்த முதியவர் அடுத்த பாராளுமன்றத்துக்கு வர முடியவில்லை. ஓராண்டு முடிந்தது. 1628இல் அவர் திரும்பி வந்தார். அரசரின் தான்தோன்றி அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய ‘பெட்டிஷன் ஆஃப் ரைட்’ உருவானதில் அவர் பங்கு பெரிது. ஷெரீஃப் பதவிக்கு ஓராண்டு என்று முன்னோர் போட்ட வரம்பு அங்கே ஒரு நாட்டுக்கே உதவியது.

அதே அரசர் 1635 முதல் ‘கப்பல் பணம்’ என்ற வரியைக் கடலோரம் இல்லாத ஷயர்களிலும் வாங்கினார். பாராளுமன்றம் ஒப்பாத வரி. வசூலிக்க வேண்டியவர்கள் ஷெரீஃப்கள். நிலுவை விழுந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அரசருக்கும் அண்டை அயலாருக்கும் நடுவில் அகப்பட்டு அவர்கள் நசுங்கினார்கள். 1639-40இல் பெரும்பகுதிப் பணம் வராமலே போயிற்று. உள்நாட்டுப் போர் நெருங்கிக்கொண்டிருந்தது.

லண்டன் நகரில் இன்னொரு விந்தையான அநீதி நடந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்காத கிறிஸ்தவர்கள் சட்டப்படி அந்தப் பதவியை ஏற்க முடியாது. தெரிந்தும் அவர்களையே ஷெரீஃபாகத் தேர்ந்தெடுப்பார்கள். மறுத்தால் பல நூறு பவுன் அபராதம். அந்தப் பணம் மேயரின் புதிய மாளிகை கட்டப் போயிற்று. ஆலன் எவன்ஸ் என்பவர் கட்ட மறுத்தார். வழக்கு பல ஆண்டு நடந்தது. 1767இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மனச்சாட்சியின்படி வாழ்வதைக் குற்றமாக்க முடியாது என்ற வாதத்தை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அங்கே முன்வைத்தார்.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 55 ‘ஹை ஷெரீஃப்’கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஓராண்டுப் பதவி. ஒவ்வொரு நவம்பரிலும் அடுத்து வரக்கூடியவர்களின் பெயர்களைப் படிக்கிறார்கள். மார்ச் மாதத்தில் அரசர் தோல் சுருளில் தேர்ந்த பெயருக்கு எதிரே ஓர் ஊசியால் குத்துகிறார். எழுதிய மையைச் சுரண்டி மாற்றலாம். தோலில் விழுந்த துளையை மூட முடியாது. மரக்குச்சியில் வெட்டுப் போட்டவர்களின் வாரிசுகள் அல்லவா அவர்கள்!

கடல் தாண்டிய பெயர்

கிளையிலிருந்து கிளைக்கு இந்தச் சொல் வெவ்வேறு கனி கொடுத்தது. ஸ்காட்லாந்தில் ஷெரீஃப் நீதிபதி ஆனார். இன்றும் அங்கே ஷெரீஃப் நீதிமன்றங்கள் நாள்தோறும் நடக்கின்றன. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1799 முதல் செல்கர்க்ஷயரின் ஷெரீஃபாக இருந்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியா குடியேற்றம் 1634இல் எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டபோதே ஷெரீஃப்கள் வந்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்களித்து ஷெரீஃபைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசருக்குப் பதில் சொன்னவர் வாக்காளருக்குப் பதில் சொல்பவராக மாறினார்.

நம் சென்னைக்கு வருவோம். முதலாம் ஜார்ஜ் மன்னர் 1726இல் அளித்த சாசனத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. அவற்றோடு ஷெரீஃபும் வந்தார். அழைப்பாணை சேர்ப்பது, கடன்காரரைப் பிடித்து வைப்பது, தீர்ப்பின்படி சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடுவது அவர் வேலை. 1801இல் சுப்ரீம் கோர்ட் வந்தது, 1862இல் ஐகோர்ட் வந்தது. ஷெரீஃப் கூடவே வந்தார். நகரத்தார் ஒரு பொதுக்கூட்டம் கூட்ட விரும்பினால் கையெழுத்திட்டு ஷெரீஃபிடம் மனுக் கொடுப்பார்கள். அவர் பெயரில் அறிவிப்பு வந்தால் அது நகரத்தின் கூட்டம். ஷயர் மன்றத்தைக் கூட்டிய பழைய கடமையின் மெல்லிய எதிரொலியாகவே எனக்கு அது கேட்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டிய சவலை ராமசாமி முதலியார் இந்தப் பதவி வகித்தவர். பம்பாயில் திலீப் குமாரும் கவாஸ்கரும் வகித்தார்கள். நாளடைவில் வேலை எல்லாம் கழிந்து மாலை மரியாதை மட்டும் மிஞ்சியது. பிறகு சென்னையில் பதவியே எடுக்கப்பட்டது. என் தந்தை சொன்ன ‘வெள்ளைக்காரன் காலத்துப் பதவி’ அப்படி முடிந்தது.

நிறைவாக ஒன்று. அந்த மரக்குச்சிகள் என்ன ஆயின? 1826 வரை ஆங்கிலக் கருவூலம் அவற்றைப் பயன்படுத்தியது. பிறகு குப்பையாகக் கிடந்தன. 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இரண்டு வண்டி குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலையில் போட்டு எரித்தார்கள். சூடு தாங்காமல் புகைபோக்கிகள் பற்றின. அன்றிரவு பழைய பாராளுமன்றமே எரிந்தது.

குச்சிகள் சாம்பலாயின. தோல் சுருள்கள் பிழைத்தன. இன்று லண்டனில் கியூ என்ற இடத்து ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. டூம்ஸ்டே புத்தகமும் அங்கேதான் இருக்கிறது. காட்ரிக் கோட்டையில் இருந்தாரா, எப்படி வாழ்ந்தார், மகள் பூவேலையில் தேர்ந்தாளா, யாருக்குத் தெரியும்? அவள் ஊசியால் இழைத்த பொன்னிழை எந்த அங்கியில் போய்ச் சேர்ந்ததோ! ஓக்லியில் அரசர் நிலத்திலிருந்து அரை ஹைட் போனது என்ற ஒரு பதிவு மட்டும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் இருக்கிறது. யாரோ ஓர் ஊரார் சொன்னார். யாரோ ஓர் எழுத்தர் எழுதினார். அந்த இருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஷெரீஃபின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் நான் தலை வணங்குவது அந்த இருவருக்கே.